சுங்கம் தவிர்த்தவர்கள்



முதலாம் குலோத்துங்கனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் ஒரு வரி படித்திருப்போம். 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று அவனுக்கு ஒரு பட்டப்பெயர். தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்கு வரும்; எழுதிவிட்டு மறந்துவிடுவோம். நானும் மறந்தவன்தான். பிறகு வரலாற்றுப் பாடம் நடத்துகிற வேலைக்கு வந்தேன். ஒருநாள் இந்தப் பட்டப்பெயரைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "யாருக்குத் தவிர்த்தார் சார்?" என்று கேட்டாள். அன்று என்னிடம் விடை இல்லை. இன்று நான் பேசப்போவது முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

சுங்கம் நமக்குப் புதிய சொல் இல்லை. கோவையில் பேருந்து ஏறி 'சுங்கம்' என்றால் நடத்துநர் சீட்டுக் கொடுப்பார். திருச்சியில் 'நம்பர் ஒன் டோல்கேட்' என்றே ஓரிடம் இருக்கிறது. வண்டியை நிறுத்தி, மூட்டையை எண்ணிக் காசு வாங்கிய காலத்தின் பெயர்கள் இவை. வாங்கிய கை போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. சுங்கத்துக்கு நம்மிடம் இருந்த பழைய சொல் 'உல்கு'. அரசனுக்கு உரிய பொருளை மூன்றாக வகுத்துச் சொல்லும் திருவள்ளுவர், தானே வந்து சேரும் பொருளுக்கும் பகைவரை வென்று கொள்ளும் பொருளுக்கும் இடையில் உல்குபொருளை வைக்கிறார்.

அந்த உல்கை வாங்குகிற இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பட்டினப்பாலைக்குப் போக வேண்டும். கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிற கடியலூர் உருத்திரங்கண்ணனார், மாடமாளிகைக் கடைத்தெருவுக்கு நம்மை அழைத்துப் போவதற்கு முன்னாலேயே சரக்குக் கிடங்கின் வாசலில் நிறுத்திவிடுகிறார். அங்கே கதிரவனின் தேர்க்குதிரைகளைப் போல ஓயாமல் உல்கு கொள்கிறார்கள் அரசனின் ஆட்கள். கடலிலிருந்து வந்தது கரையேறுகிறது, நிலத்திலிருந்து வந்தது கடலுக்கு இறங்குகிறது. பொதிக்குப் பொதி புலிமுத்திரை பொறிக்கிறார்கள். அப்படிக் குவித்த மூட்டைகளின் மேல் நாயும் ஆட்டுக்கடாவும் ஏறித் துள்ளுகின்றன. இந்த ஒரு காட்சிக்காகவே அந்தப் புலவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். வரி வாங்குகிற முற்றத்தில் ஆட்டுக்கடா குதிப்பதைப் பார்க்கிற கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நூற்றுக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று புலவர் சொல்லவில்லை. அது அவர் வேலையும் இல்லை. ஆனால் நம் கரையிலிருந்து போன சரக்குக்கு மறுகரையில் எவ்வளவு வாங்கினார்கள் என்பது நமக்குத் தெரியும். அதைச் சொல்கிற சான்று வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஏடு, 1985-ல் பதிப்பித்தார்கள். அதன் ஒரு பக்கத்தில் முசிறி வணிகம் தொடர்பான கடன் ஒப்பந்தம் இருக்கிறது. மறுபக்கத்தில் முசிறியிலிருந்து வந்த ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு இருக்கிறது. முசிறி என்றால் சேரநாட்டு முசிறி. யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு பாடுகிறதே, அதே முசிறிதான்.

அந்த ஒப்பந்தத்தைப் படித்தால் சரக்கின் கூடவே நாமும் நடந்து போகலாம். செங்கடல் கரையில் இறக்கிய பொருளை நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் காவலோடு பாலைவனத்தைக் கடந்து, நைல் நதிக்கரையில் உள்ள கோப்டோஸ் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே வரி வாங்குகிற அரசுக் கிடங்கில், கடன் கொடுத்தவரின் முத்திரையோடு வைக்க வேண்டும். பிறகு படகில் ஏற்றி நதியோடு அலெக்சாந்திரியா. அங்கே ஒரு கிடங்கு. அந்தக் கிடங்கின் பெயரிலேயே வரி விகிதமும் இருக்கிறது. கால்பங்குக் கிடங்கு. ஆமாம், நான்கில் ஒன்று. நூற்றுக்கு 25.

சரக்கில் கங்கைக்கரைச் சடாமாஞ்சி மட்டும் 60 பெட்டி. யானைத் தந்தம் வேறு. கால்பங்கைக் கழித்த பிறகும் மிஞ்சிய சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் திராக்மா. ஒரே ஒரு கப்பலின் கணக்கு இது. ரோமானியப் பணம் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று மூத்த பிளினி வருந்தி எழுதியதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். வாசலில் நின்று கால்பங்கை எடுத்துக்கொண்ட ரோமானியக் கருவூலத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்தான் அந்த வணிகத்தின் முழு உருவம் தெரியும். மிளகையும் வாசனைப் பொருளையும் வாங்கிய ரோமானியக் குடும்பங்கள், விலையோடு சேர்த்துத் தங்கள் பேரரசருக்கும் பணம் கட்டின. காவிரிப்பூம்பட்டினத்தில் புலி, கோப்டோஸில் கடன் கொடுத்தவரின் முத்திரை. இரண்டு கரையிலும் மூட்டையைக் கட்டி, அடையாளம் வைத்து, எண்ணித்தான் வெளியே விட்டார்கள்.

இப்போது குலோத்துங்கனுக்கு வருகிறேன். 1070-ல் பட்டத்துக்கு வந்தவன். 1077-ல் சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனாவுக்குப் போனது. 81,800 சரம் செப்புக்காசு பெற்றுத் திரும்பியது. அப்போதைய சீனாவில் கடல் வணிகத்துக்கென்று தனி அரசு அலுவலகங்கள் இருந்தன. குவான்சோ துறைமுகத்தில் அந்தப் பொறுப்பை வகித்த சாவ் ருகுவா என்ற அதிகாரி, 1225 வாக்கில் அயல்நாடுகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சோழநாடும் அதில் வருகிறது. சுங்கம் வாங்குகிற மேசையில் அமர்ந்தபடியே வந்துபோகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு உலகத்தைத் தெரிந்துகொண்ட மனிதர். கடல் என்றால் என்ன, வணிகர் என்றால் யார் என்று அறிந்திருந்த ஓர் உலகத்தில்தான் குலோத்துங்கன் சுங்கத்தைத் தவிர்த்தான். கல்வெட்டுகள் அந்தப் பெயரைப் பெருமையோடு சொல்கின்றன. எந்தச் சுங்கம், எந்த எல்லைக்குள், எத்தனை காலம் என்று அவை விரிக்கவில்லை. பின்னால் வந்த கல்வெட்டுகளிலும் சுங்கம் பேசப்படுவதால் அது அடியோடு ஒழிந்துவிடவில்லை என்பது மட்டும் உறுதி. நாட்டுக்குள்ளே ஊருக்கு ஊர் வழிமறித்து வாங்கியது குறைந்திருக்கும், ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்களுக்கு அது பெரிய வரமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அந்த மாணவிக்கு இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

ஆனால் 'யாருக்கு' என்ற கேள்விக்குக் கல்லிலேயே தெளிவாக விடை எழுதிய ஓர் அரசன் உண்டு. நமக்கு வடக்கே, ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளி. அந்தத் துறைமுகத்துக்கு இன்னொரு பெயர் தேசி உய்யக்கொண்ட பட்டணம். பெயரைக் கேட்டாலே தமிழ் வணிகரின் காலடி கேட்கிறது. அங்கே வீரபத்திரர் கோயில் மண்டபத் தூண் ஒன்றில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-ல் ஒரு சாசனம் பொறித்து வைத்தான். அபய சாசனம், அஞ்சேல் என்று சொல்கிற ஆணை.

அதில் என்ன இருக்கிறது? முன்பிருந்த அரசர்கள் புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பல்களின் சரக்கையெல்லாம், பொன், யானை, குதிரை என்று பாராமல், பறித்துக்கொண்டார்கள் என்று முதலில் ஒப்புக்கொள்கிறான். ஓர் அரசன் தன் வர்க்கத்தாரின் குற்றத்தைக் கல்லில் வெட்டிவைப்பது சாதாரணம் இல்லை. உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்து வருகிற வணிகர்களிடம், விதித்த சுங்கத்தைத் தவிர வேறெதையும் எடுக்க மாட்டோம் என்று உறுதி கொடுக்கிறான். ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் 30-ல் ஒரு பங்கு. அதோடு விடவில்லை. சந்தனத்துக்கு எடை அளவில் எவ்வளவு, கற்பூரத்துக்கும் முத்துக்கும் விலை அளவில் எவ்வளவு, பன்னீர், தந்தம், புனுகு, செம்பு, பவழம், பட்டுநூல், மிளகு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, பாக்குக்கு ஒரு லட்சம் எண்ணிக்கைக்கு எவ்வளவு என்று பணக்கணக்கில் பட்டியலே போட்டிருக்கிறான்.

கப்பலை விட்டு இறங்குகிற வணிகர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மொழி தெரியாத ஊர். பின்னால் கடல், முன்னால் அரசனின் ஆட்கள். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எவ்வளவு கேட்பார்கள், கேட்டதற்கு மேல் பிடுங்குவார்களா? வரி அதிகமாக இருந்தால் அதற்கேற்ப விலை வைத்துக்கொள்வார். எவ்வளவு என்றே தெரியாமல் இருப்பதுதான் அவரைக் கொல்லும். கணபதிதேவன் அந்த அச்சத்தை எடுத்துவிட்டான். அவன் மகள் உருத்திரமாதேவியின் பெயரோடு அந்தக் கரை உலகுக்குத் தெரிந்தது. மார்க்கோ போலோ 'முட்ஃபிலி' என்று எழுதுவது இந்த ஊரைத்தான் என்பார்கள். 1358-ல் ரெட்டி அரசன் அனவோதன் அதே உறுதியைப் புதுப்பித்து, சில வரிகளைக் குறைத்துக் கொடுத்தான். ஆளும் குலம் மாறினாலும் துறைமுகத்துக்குக் கொடுத்த வாக்கு தொடர்ந்தது.

போர்த்துகீசியர் வந்த பிறகு இந்தக் கடலின் குணமே மாறியது. அவர்கள் 'கார்ட்டாஸ்' என்று ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அது இல்லாத கப்பலைப் பிடிப்பார்கள். இருக்கிற கப்பல் அவர்கள் கோட்டைத் துறையில் நின்று சுங்கம் கட்டிவிட்டுப் போக வேண்டும். சுங்கம் அதுவரை கரைக்கு உரியதாக இருந்தது, இப்போது நடுக்கடலிலும் வாசல் வைத்தார்கள். ஆங்கிலேயர் 1639-ல் சென்னையில் கால் ஊன்றியபோது, துறைமுகச் சுங்கத்தில் பாதி உள்ளூர் ஆட்சிக்கு என்றுதான் ஏற்பாடு. 1672-ல் கோல்கொண்டாவோடு பேசி, ஆண்டுக்கு 1,200 வராகன் என்று ஒரே தொகையாக முடித்துக்கொண்டார்கள். சரக்கு எத்தனை மடங்கு பெருகினாலும் கட்ட வேண்டியது அதே 1,200. வணிகர்களாக வந்தவர்களுக்கு வருங்காலத்தைக் கணக்குப் போடத் தெரிந்திருந்தது.

வங்காளத்தில் இதைவிடப் பெரிய ஆட்டம் நடந்தது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1717-ல் முகலாயப் பேரரசர் ஃபரூக்சியர் ஒரு ஃபர்மான், அதாவது அரசாணை, கொடுத்தார். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுக்கு 3,000 ரூபாய் கட்டினால் போதும், வங்காளத்தில் அதன் சரக்குக்குச் சுங்கம் இல்லை. கம்பெனி கொடுக்கிற 'தஸ்தக்' என்ற சீட்டைக் காட்டினால் சௌக்கியில், அதாவது சுங்கச்சாவடியில், படகை நிறுத்த மாட்டார்கள். இது கம்பெனியின் கடல் வணிகத்துக்குக் கிடைத்த சலுகை. ஆனால் கம்பெனியின் ஊழியர்கள் ஒவ்வொருவரும் தனிப்பட்ட முறையில் உப்பு, புகையிலை, பாக்கு வணிகம் செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சரக்குக்கும் அதே சீட்டைக் காட்டினார்கள். 1757-ல் பிளாசிப் போர் முடிந்த பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை. ஒரே ஆற்றில் இரண்டு படகுகள் போகும். வெள்ளையரின் படகு நிற்காமல் போகும், வங்காள வணிகரின் படகு ஒவ்வொரு சௌக்கியிலும் நின்று பணம் கட்டிவிட்டுப் போகும். இரண்டும் ஒரே சந்தையில் ஒரே உப்பை விற்க வேண்டும். யார் பிழைப்பார்?

1760-ல் கம்பெனியே நவாப் ஆக்கிய மீர் காசிம், திறமையான நிர்வாகி. கம்பெனியின் குமாஸ்தாக்கள் குடியானவரிடமும் வணிகரிடமும் கால் விலைக்குப் பொருளைப் பிடுங்குகிறார்கள், ஒரு ரூபாய்ப் பொருளை ஐந்து ரூபாய்க்குக் கட்டாயமாகத் தலையில் கட்டுகிறார்கள் என்று ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். ஆளுநர் வான்சிட்டார்ட் முங்கேருக்கே வந்து பேசி, ஆங்கிலேயரின் தனி வணிகத்துக்கு நூற்றுக்கு 9 என்று ஓர் உடன்பாடு செய்துகொண்டார். கல்கத்தா கவுன்சில் அதைத் தூக்கி எறிந்தது. உப்புக்கு மட்டும் இரண்டரை தருவோம், மற்றதற்கு ஒன்றும் கிடையாது என்றார்கள். கவுன்சிலில் வான்சிட்டார்ட்டுக்குத் துணை நின்ற ஒரே குரல் வாரன் ஹேஸ்டிங்ஸுடையது.

1763 மார்ச்சில் மீர் காசிம் ஒரு முடிவு எடுத்தார். எல்லோருக்கும் சுங்கத்தை நீக்கிவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு வங்காள வணிகருக்கும் வரி இல்லை, வெள்ளையருக்கும் வரி இல்லை. தன் கருவூலத்துக்கு வருகிற பெரிய வருமானத்தைத் தானே கைவிட்டு, தன் குடிமக்களை அந்நியரோடு சமமாக நிறுத்தினார். வரலாற்றில் நான் படித்த அரசாணைகளில் என் நெஞ்சைத் தொட்டது இது.

கவுன்சில் என்ன கேட்டது தெரியுமா? உன் மக்கள் மீது மறுபடியும் வரியைப் போடு என்றது. தங்களுக்கு வரி இல்லாதது அவர்களுக்குப் போதவில்லை, மற்றவருக்கு இருந்தால்தான் அந்தச் சலுகைக்கு மதிப்பு. அந்த ஆண்டே போர் மூண்டது. 1764 அக்டோபர் 22-ல் பக்சார் போரில் கம்பெனி வென்றது. அடுத்த ஆண்டு வங்காளத்தின் திவானி உரிமையே கம்பெனியின் கைக்குப் போனது. மீர் காசிம் ஊர் ஊராக அலைந்து, 1777-ல் டெல்லிக்கு அருகே வறுமையில் இறந்தார். குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்ததால் பட்டப்பெயர் கிடைத்தது. மீர் காசிமுக்கு அதனால் அரியணை போனது. அந்த மாணவி அன்று கேட்ட கேள்வி எத்தனை கூர்மையானது என்று எனக்குப் புரிந்தது இந்த அத்தியாயத்தைப் படித்தபோதுதான்.

இனி துணிக்கு வருகிறேன். நெசவாளர் வீட்டில் பிறந்தவன் நான். இதை என்னால் ஒதுங்கி நின்று பேச முடியாது.

நம் வீடுகளில் 'சீட்டித் துணி' என்று ஒரு சொல் உண்டு. பூப்போட்ட, சாயம் நிற்கிற பருத்தித் துணி. சோழமண்டலக் கரையில் எழுதியும் அச்சிட்டும் சாயமேற்றிய இந்தத் துணி 17-ஆம் நூற்றாண்டு லண்டனைப் பைத்தியமாக்கியது. அந்த ஊர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். 1700-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, சாயமிட்ட இந்தியத் துணியை உள்நாட்டில் விற்கத் தடை விதித்தது; கிடங்கில் வைத்து மறு ஏற்றுமதி செய்யலாம், அவ்வளவுதான். 1719-ல் லண்டன் தெருக்களில் சீட்டி உடுத்திய பெண்களின் துணியையே கிழித்தார்கள். 1721-ல் உடுத்துவதற்கே தடை வந்தது. அந்த நெசவாளர்களின் பசியும் பசிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தடைக்குப் பின்னால்தான் இங்கிலாந்தின் பருத்தித் தொழில் வளர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு வந்தது வரி. ரொமேஷ் சந்திர தத் தன் பொருளாதார வரலாற்றில் ஒரு பட்டியல் தருகிறார். இங்கிலாந்துக்குள் போகிற இந்தியக் காலிகோ துணிக்கு 1812-ல் 71 சதவீதத்துக்கு மேல். 1824-ல் 67½. 1832-ல் 10 ஆகக் குறைத்தார்கள். அதற்குள் கடை காலியாகிவிட்டது. அதே காலத்தில் இங்கிலாந்துத் துணி இந்தியாவுக்குள் வர இரண்டரை, மூன்றரை சதவீதம்.

உள்ளூரில் நெய்த துணி உள்ளூரிலேயே கட்டியது அதைவிட அதிகம். 1830-களில் சார்லஸ் ட்ரெவெல்யன் என்ற அதிகாரி வங்காளத்து உள்நாட்டுச் சுங்கத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். பஞ்சாக ஒரு சௌக்கியைக் கடந்தால் 5 சதவீதம். நூலானால் 7½. துணியானால் 2½. சாயம் போட்டால் இன்னொரு 2½. ஆக, ஒரு முழத் துணி பிறந்து உடம்பில் ஏறுவதற்குள் 17½ சதவீதம் கட்டியிருக்கும். வங்காளத்தில் 1836-லும், நம் சென்னை மாகாணத்தில் 1844-லும்தான் இந்த வழிச்சுங்கம் போனது. இங்கே நம் நெசவாளருக்குத் தறிக்கு மொதர்பா வரி தனி. சுங்கத்தைக் கட்டுகிறவர் அதிகாரியின் கையில் வேறு தர வேண்டியிருந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசுக்குப் பணம் தேவைப்பட்டது. இறக்குமதி வரியைக் கூட்டினார்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் துணிக்கு 5 சதவீதம் என்று அது நிலைபெற்றது. வருமானத்துக்காகப் போட்ட வரி, யாரையும் காப்பாற்றப் போட்டதில்லை. ஆனால் பம்பாயில் ஆலைகள் வளர்ந்தன. 1874-ல் மான்செஸ்டர் வணிகர் சபை மனுக்கொடுத்தது: இந்த 5 சதவீதம் இந்திய ஆலைகளுக்குத் துணைபோகிறது, நீக்குங்கள். அப்போதைய வைஸ்ராய் நார்த்புரூக் நீக்க மறுத்தார். லண்டனோடு கருத்து வேறுபாடு முற்றி 1876-ல் பதவியை விட்டுப் போனார். அவருக்குப் பின் வந்தவர் லிட்டன்.

அந்த ஆண்டுகளை நம் ஊர்ப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். கருவூலம் காலி. ஆப்கானிஸ்தானில் போர் வேறு. 1877 ஜூலையில் பிரிட்டிஷ் மக்களவை, இந்தியாவின் துணி வரியை முடிந்தவரை விரைவாக நீக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1879 மார்ச்சில் லிட்டன் முரட்டுத் துணி வகைகளுக்கு வரியை நீக்கினார். அவருடைய சொந்தக் கவுன்சிலில் பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். அவர்களை மீறி நீக்கினார். சவம் எரிந்த சூடு ஆறவில்லை, உயிரோடு இருந்த ஏழையிடம் உப்பு வரி வாங்கிக்கொண்டிருந்த அரசாங்கம், மான்செஸ்டருக்குச் சுங்கம் தவிர்த்தது. 1882-ல் நிதி உறுப்பினர் ஈவ்லின் பேரிங், உப்பு, சாராயம் போன்ற சிலவற்றைத் தவிர எல்லா இறக்குமதி வரியையும் எடுத்துவிட்டார். அதே 1882-ல்தான் ஜி. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனைத் தொடங்கினார். இந்தக் கணக்குகளைத் தமிழில் மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஏடு பிறந்த ஆண்டு அது.

பிறகு வெள்ளி விலை சரிந்தது, ரூபாய் விழுந்தது, லண்டனுக்குக் கட்ட வேண்டிய பணம் கழுத்தை நெரித்தது. 1894 மார்ச்சில் 5 சதவீத இறக்குமதி வரி திரும்ப வந்தது. எல்லாப் பொருளுக்கும் வந்தது, துணிக்கு மட்டும் விலக்கு! எதிர்ப்புக் கிளம்பவே அந்த ஆண்டு டிசம்பரில் துணியையும் நூலையும் சேர்த்தார்கள். சேர்த்த கையோடு, இந்திய ஆலைகளில் நூற்கும் 20-ஆம் நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கு அதே 5 சதவீதம் கலால் வரி போட்டார்கள்.

நம்பர் என்றால் என்ன என்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 20-ஆம் நம்பர் முரட்டு நூல். வேட்டி, துப்பட்டிக்கு ஆகும். 60, 80 என்றால் மெல்லிய சேலைக்கு. லங்காஷயர் விற்றது பெரும்பாலும் மெல்லிய ரகம். அதோடு போட்டி போடக்கூடிய நூலை மட்டும் தேடிப்பிடித்து வரி போட்டார்கள். நூல் வாங்கி நெய்கிற கைத்தறிக்காரனும் அந்த வரியைத் தன் மடியிலிருந்து கொடுத்தான்.

அதுவும் மான்செஸ்டருக்குப் போதவில்லை. 1896-ல் சட்டத்தை மாற்றினார்கள். நூலுக்கு இரண்டு பக்கமும் வரி இல்லை. வெளிநாட்டுத் துணிக்கு 3½ சதவீதம். இந்திய ஆலையில் நெய்த எல்லாத் துணிக்கும் 3½ சதவீதம் கலால். லங்காஷயரோடு எந்தப் போட்டியும் இல்லாத முரட்டுத் துணியும், குடியானவனின் நான்கு முழமும் அதில் சேர்ந்துகொண்டன. அரசுக்கு அதில் கிடைத்தது சொற்பம். வருமானம் தேடிப் போட்ட வரி என்றால் புரிந்துகொள்ளலாம். இன்னொரு நாட்டு ஆலைக்காரரின் மனம் கோணாமல் இருப்பதற்காகச் சொந்த நாட்டுத் துணிக்கு அரசாங்கமே வரி போட்டதை என்னவென்று சொல்வது? நம் பக்கத்து ஆலைகள் பெரும்பாலும் நூற்பாலைகளாக இருந்ததால் அடி பம்பாய்க்குத்தான் அதிகம். ஆனாலும் கோபம் தென்கோடி வரை வந்தது. பூனாவில் அந்நியத் துணியை விலக்கும் இயக்கத்தைத் திலகர் நடத்தினார். 1897-ல் இந்திய அரசின் செலவுகளை ஆராய்ந்த வெல்பி கமிஷன் முன் சாட்சி சொல்ல லண்டன் போனவர்களில் நம் சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். பின்னால் வந்த சுதேசிக் கப்பலையும் தூத்துக்குடி வேலைநிறுத்தத்தையும் பேசும்போது, இந்த மூன்றரைச் சதவீதத்தையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கலால் ஏறத்தாழ 30 ஆண்டுகள் இருந்தது. 1925-ல் பம்பாய் ஆலை முதலாளிகள் கூலியில் 11½ சதவீதம் குறைப்போம் என்றார்கள். வரி இருக்கிற வரை வேறு வழியில்லை என்றார்கள். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் செப்டம்பரில் வேலையை நிறுத்தினார்கள். மழை முடிந்து குளிர் தொடங்கியது, தறிகள் ஓடவில்லை. டிசம்பர் 1-ஆம் தேதி அரசாங்கம் கலாலை நிறுத்தி வைத்தது. கூலிக் குறைப்பும் போனது. அடுத்த ஆண்டு சட்டத்திலிருந்தே அதை எடுத்தார்கள். இத்தனை வைஸ்ராய்களும் கமிஷன்களும் செய்யாததை மூன்று மாதம் பட்டினி கிடந்த குடும்பங்கள் செய்து முடித்தன. அந்த மாணவி மறுபடி என் வகுப்பில் அமர்ந்தால், குலோத்துங்கனோடு சேர்த்து இவர்களையும் கரும்பலகையில் எழுதுவேன்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விஜயவாடா பக்கம் ரயிலில் போகிறவர்கள் சீராலாவில் இறங்குங்கள். இன்றும் கைத்தறி ஓசை கேட்கிற ஊர் அது. அங்கிருந்து மோட்டுப்பள்ளிக்குப் போய், வீரபத்திரர் கோயில் மண்டபத்தில் அந்தத் தூணைத் தேடுங்கள். சந்தனம் இவ்வளவு, முத்து இவ்வளவு, பாக்கு லட்சத்துக்கு இவ்வளவு என்று எவரும் படித்துக்கொள்ளும்படி வெட்டியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, விரலால் தடவிப் பாருங்கள். அந்தக் கரையில்தான் யாரோ ஒரு வணிகர் நனைந்த மூட்டையோடு இறங்கி, அந்தக் கணக்கைக் கேட்டறிந்து, மூட்டையை அவிழ்த்திருப்பார்.